கூரை சொட்டினால் எங்கிருந்து தொடங்குவது? கொழும்பு வீடுகளுக்கு, காப்புறுதிப் பணம் வரை

நான் குடியிருக்கும் கொட்டாஞ்சேனை ஓட்டு வீட்டோடு சேர்த்து ஐந்து கூரைகள் என் தலையில். பெரியண்ணா லண்டன், சின்னண்ணா மெல்பேர்ண், மச்சாள் டொரொண்டோ. சாவிக்கொத்து மட்டும் என்னிடம். வெள்ளவத்தையில் தொடர்மாடியின் உச்சி மாடி, தெஹிவளையில் சிங்க்-அலுமினியச் சீட், வத்தளையிலும் மட்டக்குளியிலும் அஸ்பெஸ்டஸ். மே மாதம் தென்மேல் பருவக்காற்று இறங்கும்போது ஒரு தடவை, ஒக்டோபர் நவம்பரில் பின்னேர இடிமழை தொடங்கும்போது இன்னொரு தடவை, இவற்றில் ஏதாவது ஒன்று என்னை இரவில் எழுப்பும். 2016 மே வெள்ளத்தில் இருந்து 2025 நவம்பர் டிட்வா புயல் வரை கூரை வேலை செய்யும் பாஸ்மாரோடும் காப்புறுதிக்காரரோடும் மல்லுக்கட்டியதில் ஒன்று விளங்கியது. எந்தச் சொட்டுக்கும் இரண்டு கேள்விதான். தண்ணீர் எந்த ஓட்டையால் வந்தது? அந்த ஓட்டையைத் திறந்தது காற்றா, காலமா? முதல் கேள்விக்குப் பதில் கிடைத்தால் கூரை திருந்தும். இரண்டாவதற்குப் பதிலைப் படத்தோடு காட்டினால்தான் பணம் வரும். காலம் திறந்த ஓட்டைக்கு எந்தக் கொம்பனியும் காசு தராது.

உங்கள் வீட்டில் என்ன நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் எல்லோரும் வாசித்துவிடுங்கள்.

எந்த அறிகுறியானாலும், முதல் அரை மணி நேரம்

மழை பெய்யும்போது கூரையில் ஏறாதீர்கள், யாரையும் ஏற்றவும் வேண்டாம். தண்ணீர் மின்குமிழ், காற்றாடி, சுவிட்ச் எதற்கும் பக்கத்தில் வந்தால் மெயின் சுவிட்சை இறக்குங்கள். சொட்டும் இடத்தில் வாளி வையுங்கள். சீலிங் பலகை பானை வயிறு மாதிரித் தொங்கினால் கீழே யாரும் நிற்க வேண்டாம். சாமான்களை இழுத்துவிட்டு, ஒரு நீளக் கம்பால் ஓரத்தில் சின்னத் துளை குத்தித் தண்ணீரை வாளிக்குள் இறக்குங்கள். அஸ்பெஸ்டஸ் சீலிங் என்றால் குத்தாமல் அறையைப் பூட்டிவிடுங்கள்.

பிறகு படம். தறப்பாள் போடுவதற்கு முன் படம். இதில்தான் எல்லோரும் தவறுகிறோம். வத்தளை வீட்டில் முதல் தடவை நானும் தவறினேன். பாஸ் நல்ல மனுசன், விடிய வந்து உடைந்த சீட்டைக் கழற்றி எறிந்து, புதிது போட்டு, முற்றத்தையும் கூட்டிவிட்டுப் போனார். மத்தியானம் காப்புறுதிக் கொம்பனியில் இருந்து வந்த மதிப்பீட்டாளருக்குக் காட்ட என்னிடம் ஒரு அழகான கூரைதான் மிஞ்சியது.

எடுக்கும் ஒழுங்கு: வீதியில் இருந்து முழு வீடு, பிறகு சேதமான கூரைச் சாய்வு, பிறகு ஓட்டை, பிறகு உள்ளே அதே ஓட்டைக்குக் கீழான சீலிங், கடைசியாக நனைந்த சாமான்கள். உயரத்தில் இருப்பதைப் பக்கத்து மாடியில் இருந்து போனைப் பெரிதாக்கி எடுக்கலாம். வட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தை மட்டும் நம்பியிருக்காதீர்கள். அது படத்தைச் சுருக்குவதோடு, எடுத்த நேர விவரத்தையும் கழித்துவிடுகிறது. மூலப் படம் போனிலேயே இருக்கட்டும், ஒரு பிரதி மின்னஞ்சலிலும் இருக்கட்டும்.

படம் எடுத்த பிறகு தறப்பாளைத் தாராளமாகப் போடுங்கள். சேதம் கூடாமல் பார்த்துக்கொள்வது பொலிசிக்காரரின், அதாவது காப்புறுதி எடுத்தவரின், கடமை. மழை உள்ளே கொட்டக் கொட்ட மதிப்பீட்டாளருக்காகக் காத்திருந்தேன் என்று சொன்னால் அதுவே உங்களுக்கு எதிராகத் திரும்பும். தறப்பாள், ஆணி, கயிறு, கூலி எல்லாவற்றுக்கும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். உடைந்த ஓடு, சீட், வளைந்த ஆணி எதையும் எறிய வேண்டாம். ஒரு மூலையில் குவித்து வையுங்கள்.

அன்றே கொம்பனிக்குத் தொலைபேசியில் அறிவித்து, முறைப்பாட்டு இலக்கத்தை வாங்கி, அதே விவரத்தை மின்னஞ்சலிலும் போடுங்கள். எத்தனை நாளுக்குள் அறிவிக்க வேண்டும் என்பது உங்கள் பொலிசியின் நிபந்தனைப் பக்கத்தில் இருக்கும். நான் அந்தப் பக்கத்தைப் போனில் படமாக வைத்திருக்கிறேன், இரவு பன்னிரண்டு மணிக்கு அலுமாரியைக் கிண்ட முடியாது.

அறிகுறி: ஓட்டு வீட்டில் சீலிங்கில் கறை, சொட்டு

காற்றோடு வரும் மழைக்கு மட்டும் சொட்டுகிறதா?

அப்படியென்றால் ஓடு விலகியிருக்கிறது, அல்லது முகட்டோட்டுச் சாந்து வெடித்திருக்கிறது. சும்மா நேராக விழும் மழை இந்த இடங்களால் உள்ளே வராது. காற்று அதைச் சாய்வுக்கு எதிராக மேலே தள்ளும்போதுதான் வரும். மே முதல் செப்டம்பர் வரை காற்று கடல் பக்கமிருந்து வருவதால் மேற்கையும் தெற்கையும் பார்த்த சாய்வை முதலில் பாருங்கள். ஒக்டோபர் இடிமழைக்குத் திசை கிடையாது, எந்தப் பக்கமும் அடிக்கும்.

சோதனை எளிது. வெயில் நேரத்தில் சீலிங் வாசலால் மேலே ஏறி, கைமரத்தின் (கூரையைத் தாங்கும் சாய்வு மரத்தின்) மேல் கால் வைத்து உட்கார்ந்து, டோர்ச்சை அணைத்துவிட்டு ஒரு நிமிடம் கண்ணைப் பழக்குங்கள். வெளிச்சம் ஊசியாகத் தெரியும் இடமெல்லாம் ஓட்டை. ஆனால் சொட்டு விழும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று நினைக்காதீர்கள். தண்ணீர் கைமரத்தின் அடிப்பக்கத்தால் வழுக்கி வந்து, ஆணியோ முடிச்சோ தட்டும் இடத்தில்தான் விழும். ஈரத் தடத்தைப் பிடித்து மேல்நோக்கிப் போனால், என் அனுபவத்தில் நாலைந்து அடி தள்ளித்தான் குற்றவாளி இருப்பான்.

விலகிய ஓடுகளைத் தள்ளி வைப்பது அரைமணி வேலை. எங்கள் வீட்டில் இதற்குப் புயலைவிடப் பூனைகள்தான் கூடுதல் காரணம், அடுத்தபடி கேபிள் இழுக்க ஏறும் தம்பிமார். எங்கள் பாஸ் ஒவ்வொரு தடவையும் இறங்கி வந்து சொல்வார்: “நோனா, ஓடு ஹொந்தய், பூனைதான் சரியில்ல.”

எல்லா மழைக்கும், ஒரே இடத்தில் சொட்டுகிறதா?

இரண்டு சாய்வு சந்திக்கும் பள்ளத்தில் போட்ட தகரத்தை முதலில் பாருங்கள். மாவிலையும் பிளாஸ்டிக் பையும் அடைத்தால் தண்ணீர் குளம்போல் எழும்பி ஓட்டின் அடியால் உள்ளே புகும். அள்ளி எடுத்தால் போதும். அள்ளிய பிறகும் சொட்டினால் தகரம் துருப்பிடித்து ஓட்டையாகியிருக்கும், மாற்ற வேண்டும். அதற்கடுத்த படி, செலவு கூடின படி, ஓட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டமான சிலாகை உக்கியிருப்பது. ஓட்டு வரிசை நேராக இல்லாமல் வீதியில் இருந்து பார்க்கவே அலையாகத் தெரிந்தால் சந்தேகம் அதுதான். ஒரு திருகாணி முறுக்கியால் மரத்தைக் குத்திப் பாருங்கள். வெண்ணெய்போல் இறங்கினால் ஓடுகளை மாற்றி என்ன பயன்? தச்சரைக் கூப்பிடுங்கள். கைமரமே வளைந்திருந்தால் தச்சருக்கும் மேலே ஒரு பொறியியலாளர் பார்க்க வேண்டும்.

காப்புறுதிக்கு இது செல்லுமா?

கறையே சொல்லிவிடும். ஒரு தடவை வந்த மதிப்பீட்டாளர் சீலிங்கை அண்ணாந்து பார்த்துவிட்டு, “அக்கா, இந்தக் கறைக்கு எத்தனை வயசு?” என்று கேட்டார். போன கிழமை என்றேன். அவர் சிரிக்கவில்லை. விரலால் வளையங்களை எண்ணிக் காட்டினார். மரத்தை வெட்டினால் தெரிகிற மாதிரி ஒன்றுக்குள் ஒன்றாக நாலு பழுப்பு வளையம், ஒவ்வொன்றும் ஒரு நனைதல், ஒரு காய்தல். எனக்குப் பேச்சு வரவில்லை. ஒரே வளையம், விளிம்பு மங்கலாக, இன்னும் ஈரம் என்றால் அது புதுச் சேதம். பல வளையம், பூஞ்சணம், உரிந்த பெயின்ற் என்றால் நாளாகிய கசிவு. அதற்கு விண்ணப்பித்து நேரத்தை வீணாக்காதீர்கள், திருத்திவிடுங்கள்.

ஒன்று செய்யலாம். பழைய கறையைத் திருத்தியதும் பெயின்ற் அடித்து மறைத்து, தேதியோடு படம் எடுத்து வையுங்கள். அடுத்த புயலில் அதே இடம் நனைந்தால், முன்பு சுத்தமாக இருந்தது என்பதற்கு அந்தப் படம் சாட்சி சொல்லும். நான் ஒவ்வொரு ஏப்ரலிலும், புத்தாண்டுச் சுத்தம் முடிந்த கையோடு, ஐந்து வீட்டுச் சீலிங்கையும் கூரையையும் படம் எடுத்துவிடுவேன்.

அறிகுறி: மின்குமிழ் வழியே தண்ணீர், அல்லது ட்ரிப் சுவிட்ச் விழுந்துகொண்டே இருக்கிறது

இதில் நீங்கள் செய்ய ஒன்றும் இல்லை. மெயினை இறக்குங்கள், ஏற்றிப் பார்க்காதீர்கள். ட்ரிப் விழுகிறதென்றால் அது தன் வேலையைச் செய்கிறது. அதைக் கட்டையால் முட்டுக்கொடுத்து நிறுத்திய ஒருவரை எனக்குத் தெரியும், அவரை நல்ல புத்தி உள்ளவர் என்று யாரும் சொன்னதில்லை. மழை நின்று ஒரு நாளாவது காய்ந்த பிறகு, உரிமம் உள்ள மின் தொழிலாளி ஒவ்வொரு சுற்றாகச் சோதித்த பின்தான் மின்சாரம். வீட்டுக்கு வரும் கம்பியே அறுந்தோ தொய்ந்தோ கிடந்தால் கிட்டப் போகாமல் மின்சார முறைப்பாட்டு இலக்கமான 1987க்கு அழையுங்கள். மின் தொழிலாளி தரும் பற்றுச்சீட்டில் ‘மழைநீர் புகுந்ததால் பழுது’ என்று ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். வெறுமனே ‘வயரிங் வேலை’ என்று இருந்தால் பழைய வயரை மாற்றியதாக வாசிப்பார்கள்.

அறிகுறி: சீட் பறந்தது, தூக்கிக்கொண்டு நிற்கிறது, இரவில் படபடக்கிறது

அஸ்பெஸ்டஸ்

முதல் எச்சரிக்கை. அஸ்பெஸ்டஸ் சீட் ஆள் பாரத்தைத் தாங்கும் பொருள் அல்ல. வெயிலும் பாசியும் பட்டுப் பழசான சீட்டில் நடுவில் கால் வைத்தவர் அப்படியே கீழே போவார். தெரிந்த பாஸ்மார் போல்ட் வரிசையைப் பிடித்து, அதற்குக் குறுக்காகப் பலகை போட்டு, பலகை மேல்தான் நடப்பார்கள். பலகை கொண்டுவராத பாஸை ஏணியில் ஏற விடாதீர்கள், எவ்வளவு அனுபவம் என்று சொன்னாலும்.

இரண்டாவது தூசு. நீல அஸ்பெஸ்டஸ் இலங்கையில் 1987இல் தடையானது. இப்போது கூரைகளில் பெரும்பாலும் இருப்பது வெள்ளை. அதன் தூசும் நுரையீரலுக்கு ஆகாது, புற்றுநோய் வரை கொண்டுபோகும். உடைந்த துண்டுகளை முதலில் தண்ணீர் தெளித்து நனைத்து, கையால் எடுத்து, தடித்த பையில் கட்டுங்கள். கிரைண்டரால் வெட்ட விடாதீர்கள். காய்ந்த விளக்குமாற்றால் கூட்டவும் வேண்டாம்.

காரணங்களை மலிவில் இருந்து பார்த்தால், போல்ட்டின் தலைக்குக் கீழே இருக்கும் கறுப்பு வாஷர் காய்ந்து உதிர்ந்திருப்பது முதலாவது. போல்ட்டைச் சுற்றி மட்டும் சொட்டும். வாஷரை மாற்றினால் போதும். அடுத்து, போல்ட் துளையில் இருந்து ஓடும் மயிர்வெடிப்பு. சிலர் தார் பூசுவார்கள், அது ஒரு பருவத்துக்குத்தான். வெடித்த சீட்டை மாற்றுவதே முடிவு. மூன்றாவது, சீட்டுக்கு மேல் சீட் ஏறும் நீளப் பக்கம் ஆறு அங்குலமாவது இருக்க வேண்டிய இடத்தில் மூன்று நாலு அங்குலம் மட்டும் விட்டுப் போட்டிருப்பது. காசு மிச்சம் பிடித்த வேலை. காற்று மழைக்கு வருடா வருடம் நனையும், காப்புறுதியும் ‘குறைபாடான வேலை’ என்று தள்ளும். மட்டக்குளி வீட்டில் எங்களுக்கு இதுதான். ஒரு வரிசையைக் கழற்றித் திருப்பிப் போட்டதோடு ஏழு வருடத் தலையிடி தீர்ந்தது.

சிங்க்-அலுமினியச் சீட்

கடலோரத்தில், வெள்ளவத்தை தெஹிவளை ரயில் பாதைப் பக்கமாக இருந்தால், சீட் பளபளவென்று இருக்கும்போதே திருகாணி துருப்பிடித்துவிடும். உப்புக்காற்று முதலில் தின்பது அதைத்தான். திருகாணித் தலையின் ரப்பரும் சில வருடத்தில் இறுகி வெடிக்கும். இரவில் படபடப்புச் சத்தம் கேட்டால் ஓரத்துத் திருகாணிகள் கழன்றுவிட்டன என்று அர்த்தம். மறுநாளே இறுக்காவிட்டால் அடுத்த காற்று அந்த ஓரத்தின் அடியால் புகுந்து முழுத் தகட்டையும் உரித்துக்கொண்டு போகும். மாற்றும்போது பழைய துளையிலேயே கொஞ்சம் பருத்த திருகாணி போடச் சொல்லுங்கள். பழைய சோனகத் தெருவில் கழற்றிய திருகாணி ஒன்றையும் பழைய ரப்பரையும் கையில் கொண்டுபோய்க் கடையில் காட்டினால் சரியான அளவு கிடைக்கும். அளவைச் சொல்லி வாங்கப்போய் நான் இரண்டு தடவை திரும்பிப் போயிருக்கிறேன்.

உக்காத மரத்தில், துருப்பிடிக்காத ஆணியோடு பறந்த சீட் காப்புறுதிக்கு நல்ல விண்ணப்பம். பிடுங்குப்பட்ட ஆணி, கிழிந்த துளை இரண்டையும் கிட்டவாகப் படம் எடுங்கள். இன்னொன்று, பழைய அஸ்பெஸ்டஸுக்குப் பதிலாக நல்ல ஓடு போட ஆசைப்பட்டால் வித்தியாசக் காசு உங்களுடையது. உடைந்ததை அதே மாதிரியான பொருளால் ஈடுசெய்வதுதான் கணக்கு. பத்துச் சீட்டில் மூன்று உடைந்தால் மூன்றுக்குத்தான். மற்ற ஏழும் பழசு, நிறம் ஒத்துவராது என்பது அவர்களுக்குக் கவலையில்லை.

அறிகுறி: மரமோ கொப்போ கூரையில் விழுந்தது

மின்கம்பியைத் தொட்டுக்கொண்டு கிடந்தால் மின்சார முறைப்பாட்டு இலக்கம் 1987. ஆள் சிக்கியிருந்தால் கொழும்பு தீயணைப்புப் படை 110, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117. மரத்தை அவசரமாக வெட்டி இழுக்காதீர்கள். பாரம் ஒரு பக்கம் குறையும்போது மறுபக்கம் உருண்டு, உடையாமல் இருந்த சுவரையும் கொண்டுபோகும். கைமரம் முறிந்திருந்தால், அல்லது சுவரின் மேல் விளிம்பில் புது வெடிப்பு ஓடினால், அந்த அறையில் படுக்காதீர்கள், பொறியியலாளரின் கடிதத்தோடுதான் வேலையைத் தொடங்க வேண்டும். பெரிய விண்ணப்பத்துக்கு அந்தக் கடிதமே பாதி பலம்.

பக்கத்து வீட்டு மரமா? இங்கேதான் காசைவிட உறவு கெடும். எங்கள் மதில் பக்கத்து ஈரப்பலா மரத்தைப் பற்றி அந்த வீட்டு மாமியிடம் மூன்று வருடம் வாயால் சொன்னேன். “பார்ப்பம் பிள்ளை” என்பார், பொரித்த ஈரப்பலாக்காய் ஒரு தட்டும் வரும். கொப்பு விழுந்த பிறகு, வாயால் சொன்னதற்கு ஒரு சாட்சியும் இல்லை. ஆபத்தாகச் சாய்ந்த மரம் என்றால் விழுவதற்கு முன்பே பிரதேச செயலகத்துக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்து, முத்திரை குத்திய பிரதியை வாங்கி வையுங்கள். பலா, ஈரப்பலா, பெண்பனை மூன்றையும் அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது என்று 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. ஆகவே மாமியைச் சும்மா திட்டுவதும் நியாயமில்லை, அவரும் கடிதம் எழுதி அலைய வேண்டும்.

விழுந்த பிறகு உங்கள் சொந்தப் பொலிசியில் விண்ணப்பியுங்கள். அடுத்த வீட்டாரிடம் வாங்குவதா இல்லையா என்பதைக் கொம்பனி பார்த்துக்கொள்ளும். அடிமரத்தின் வெட்டு முகத்தை மறக்காமல் படம் எடுங்கள். உள்ளே கோறை விழுந்திருந்ததா, பச்சை மரமா என்று கேட்பார்கள். மரத்தை வெட்டி அகற்றும் செலவு சில பொலிசிகளில் தனி வரியாக இருக்கும், அந்தப் பற்றுச்சீட்டையும் சேர்த்துவிடுங்கள்.

அறிகுறி: கூரை நல்லாயிருக்கிறது, சுவரின் மேற்பகுதி மட்டும் ஊறுகிறது

பீலி, அதாவது கூரை விளிம்பில் மழைநீர் ஓடும் வாய்க்கால். பத்தில் எட்டுத் தடவை பீலிதான். இலை அடைத்திருக்கும், அல்லது பீலி தொய்ந்து தண்ணீர் குழாய்ப் பக்கம் ஓடாமல் நடுவில் நிற்கும். ஒரு வாளி தண்ணீரை ஒரு முனையில் ஊற்றிப் பாருங்கள், ஓடாமல் நின்றால் பிடிப்புக் கம்பியை உயர்த்தினால் சரி. குழாய் சின்னதாக இருந்தால் எவ்வளவு சுத்தம் செய்தும் பெருமழைக்குப் பொங்கத்தான் செய்யும். இன்னொரு குழாய் இறக்குங்கள். இதற்குக் காப்புறுதியைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

அறிகுறி: கொங்கிறீட் தட்டுக்குக் கீழே ஈரம்

மழை நின்று ஒரு நாள் கழித்தும் சொட்டினால் தட்டின் மேல் தண்ணீர் தேங்குகிறது. முதலில் வடிகால் துளையைக் கிண்டிவிடுங்கள், காகக் கூடு வரை எல்லாம் உள்ளே இருக்கும். துளை சுத்தமாக இருந்தும் ஈரம் வந்தால், வெயில் நாளில் துளையைத் துணியால் அடைத்து ஒரு அங்குலம் தண்ணீர் கட்டி இருபத்து நாலு மணி நேரம் விட்டுப் பாருங்கள். கீழே ஈரம் பரவினால் மேற்பூச்சு போய்விட்டது. பரவாவிட்டால் சந்தேகத்தைக் கைப்பிடிச் சுவருக்கும் தண்ணீர்த் தாங்கிக் குழாய்க்கும் மாற்றுங்கள். வெள்ளவத்தையில் இரண்டு வருடம் கூரையைக் குறைசொல்லி, கடைசியில் அது தாங்கியின் வால்வ். கீழ்ப்பக்கம் சீமெந்து உதிர்ந்து துருக்கம்பி தெரிந்தால் பூச்சு வேலை செய்பவரிடம் போகாதீர்கள், பொறியியலாளரிடம் போங்கள்.

தொடர்மாடியில் உச்சிக்கூரை பொதுச் சொத்து. உங்கள் வீட்டுப் பொலிசி உள்ளே நனைந்ததற்கு, கூரைக்குக் கட்டடத்தின் முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் (வீட்டுக்காரர்களின் பொதுச் சபை) எடுத்த பொலிசி. அப்படி ஒன்று இருக்கிறதா என்று அடுத்த கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். எங்கள் கட்டடத்தில் நான் கேட்டபோது, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

இனி, விண்ணப்பத்தின் அறிகுறிகள்

‘புயல் உங்கள் பொலிசியில் இல்லை’ என்கிறார்கள்

வீட்டுக் கடன் எடுத்தபோது வங்கி போட்ட பொலிசியில் பல நேரம் தீ, மின்னல் மட்டும்தான் அடிப்படை. புயல், வெள்ளம் எல்லாம் மேலதிகமாகச் சேர்ப்பவை. அட்டவணையில் அந்த வரிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் இந்தத் தடவைக்கு வழி இல்லை, புதுப்பிக்கும்போது சேர்க்கலாம். இருந்தும் மறுத்தால், புயலா வெறும் மழையா என்பதுதான் சண்டை. பௌத்தாலோக மாவத்தையில் உள்ள வளிமண்டலவியல் திணைக்களத்தில் அந்த நாளின் மழை, காற்றுப் பதிவைக் கட்டணம் கட்டிக் கேட்கலாம். அயல் வீடுகளின் கூரைச் சேதப் படம் இரண்டு சேர்த்தால் இன்னும் நல்லது.

‘தேய்மானம்’ என்று மறுத்துவிட்டார்கள்

மதிப்பீட்டாளரின் அறிக்கையில் எந்தப் பகுதி தேய்மானம் என்று எழுத்தில் கேளுங்கள். உக்கிய சிலாகை ஒன்று இருந்ததற்காக முழுக் கூரையையும் தள்ளியிருப்பார்கள். ஏப்ரல் படம், பழைய திருத்த வேலைப் பற்றுச்சீட்டு, பிடுங்குப்பட்ட ஆணிப் படம் மூன்றையும் வைத்து, காற்று உடைத்த பகுதிக்கு மட்டும் தனியாக மதிப்பீடு கொடுங்கள். எல்லாவற்றையும் ஒரே தொகையாக எழுதிய பாஸின் துண்டுக் காகிதம் இங்கே தோற்கும். அளவு, எண்ணிக்கை, ஒரு அலகின் விலை, கூலி என்று பிரித்து எழுதிய மதிப்பீடு வேண்டும். சேதம் பெரிது என்றால் கட்டடச் செலவைக் கணக்கிடும் அளவை மதிப்பீட்டாளர் ஒருவருக்குக் கட்டணம் கொடுத்து எழுதுவிப்பது நட்டமில்லை.

பணம் வந்தது, ஆனால் பாதிதான்

இதைத்தான் நிறையப் பேர் ஏமாற்று என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் கணக்குத்தான். வீட்டைத் திருப்பிக் கட்ட 3 கோடி ரூபா ஆகும் என்று வையுங்கள். நீங்கள் காப்புறுதி செய்த தொகை 1.5 கோடி. பாதிக்குத்தானே கட்டணம் கட்டினீர்கள், ஆகவே நட்டத்திலும் பாதி. 600,000 ரூபா கூரைச் சேதத்துக்கு 300,000. அதில் பொலிசிக்காரர் தாங்க வேண்டிய பங்கு 10 வீதம் என்று எழுதியிருந்தால் இன்னும் 30,000 கழியும். கைக்கு வருவது 270,000.

இந்த வலையில் கொழும்பில் இப்போது விழுவது சுலபம். 2022 மார்ச்சில் 200 ரூபாவுக்குக் கொஞ்சம் மேலே இருந்த டொலர் சில கிழமைகளில் 300ஐத் தாண்டி, மே மாதம் 360ஐத் தொட்டது. சீமெந்து, கம்பி, சீட் எல்லாம் அதோடு ஏறின. அதற்கு முன் எழுதிய தொகையை அப்படியே வருடா வருடம் புதுப்பித்து வருபவர் எல்லோரும் குறைவாகக் காப்புறுதி செய்தவர்கள்தான். காணியின் விலையைச் சேர்க்க வேண்டாம், காணி எரியவும் மாட்டாது பறக்கவும் மாட்டாது. கட்டடத்தைத் திருப்பிக் கட்டும் செலவு மட்டும். சின்னண்ணா இதைக் கேட்டுவிட்டு, “கட்டணம் கூடுமே” என்றான். கூடும்தான். தெஹிவளைக் கூரைக்கு அவன் கையால் போட்ட காசு அந்த வித்தியாசத்தின் பத்து வருடக் கணக்கு.

காசோலை வங்கியின் பெயரில் வருகிறது

கடன் முடியவில்லை என்றால் அப்படித்தான் எழுதியிருக்கும். வங்கிக்கு, திருத்த வேலைக்குப் பணத்தை விடுவிக்கச் சொல்லிக் கடிதமும் பற்றுச்சீட்டுகளும் கொடுங்கள். சேதம் நடந்த கிழமையே கிளை முகாமையாளருக்குச் சொல்லி வைத்தால் இழுபறி குறையும்.

மதிப்பீட்டாளர் வரவில்லை, பதிலும் இல்லை

பெரிய வெள்ளம் புயல் என்றால் ஒருவருக்கு நூறு வீடு இருக்கும், சில நாள் பொறுக்கலாம். அதற்கு மேல் தொலைபேசி வேண்டாம், ஒவ்வொன்றையும் மின்னஞ்சலில் கேளுங்கள். கூரையைத் திறந்து வைத்திருக்க முடியாது, இந்தத் திகதி திருத்தத் தொடங்குகிறேன், படங்கள் இணைப்பில், என்று எழுதுங்கள். நான் அப்படி எழுதிய மறுநாளே ஆள் வந்தது.

இறுதியாக மறுத்துவிட்டார்கள்

முதலில் கொம்பனிக்குள்ளேயே முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுதி, முடிவைக் கடிதமாக வாங்குங்கள். அந்தக் கடிதம் இல்லாமல் வெளியே எங்கும் நகராது. அதன்பிறகு இரண்டு கதவு இருக்கிறது. ஒன்று காப்புறுதிக் குறைகேள் அதிகாரி, மற்றது 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டப்படி இந்தத் துறையைக் கண்காணிக்கும் இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. தொகை பெரிது, கொம்பனியும் இறங்கி வரவில்லை என்றால் சட்டத்தரணியிடம் போகலாம். ஆனால் வழக்குப் போடுவதற்கு முன்பே குறைகேள் அதிகாரியிடம் போங்கள், நீதிமன்றத்தில் இருக்கும் விடயத்தை அங்கே எடுக்கமாட்டார்கள்.

காசோலையோடு ஒரு தாள் நீட்டுவார்கள், ‘முழுமையான இறுதித் தீர்வாக ஏற்றுக்கொள்கிறேன்’ என்று ஒரு வரி அதில் இருக்கும். தொகையில் உங்களுக்கு இன்னும் சண்டை இருந்தால் அந்த வரிக்குக் கீழே கையெழுத்து வைக்காதீர்கள். ஏற்றுக்கொண்ட பகுதியை மட்டும் தரச் சொல்லி எழுதிக் கேளுங்கள். வத்தளை வீட்டுக்கு நான் கையெழுத்து வைத்தது ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம். திங்கட்கிழமை பாஸ் தறப்பாளைக் கழற்றியபோதுதான் முறிந்த இரண்டாவது கைமரம் தெரிந்தது.